உதிரிப்பழம் பொறுக்குவதும் ஆராதனையா? வேலையும் விசுவாசமும்: கேள்வி பதில்

அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று அப்போஸ்தலன் பவுல் எழுதிய கொலோசெயர் நிருபத்திலிருந்து இந்த வசனத்தை வாசித்தோம்: “எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்.” அன்றிலிருந்து மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருக்கிற நம் ஆட்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெண்கள் ஐக்கியத்தில் வேதபாடம் எடுப்பவள் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை.

டீச்சர், நான் செம்பனையில் (எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில்) குலை வெட்டுகிறேன். என் மனைவி உதிரிப்பழம் பொறுக்குகிறாள். நாள் முழுக்க வேர்வையும் முள்ளும்தான். இதில் ஆராதனை எங்கே இருக்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம் தம்பி. வேலை என்பது ஆதாமுக்குக் கிடைத்த தண்டனை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆதியாகமத்தை வரிசையாகப் படித்தால் அப்படி இல்லை. தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் தேவன் மனிதனை வைத்தது 2ஆம் அதிகாரத்தில். பாவம் வருவது 3ஆம் அதிகாரத்தில். நீங்கள் சொன்ன வேர்வையும் முள்ளும் அந்த 3ஆம் அதிகாரத்தில்தான் வருகின்றன. கஷ்டம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது, வேலை அதற்கு முன்பே தேவன் கையால் கொடுத்தது.

இனி உங்கள் நிரைக்கு வருவோம். மரத்தடியில் உதிரிப்பழம் விழுந்திருந்தால்தான் குலை பழுத்துவிட்டது என்று கணக்கு. எண்ணிக்கை கூட வேண்டும் என்று காய்க்குலையை வெட்டினால் எண்ணெய் குறையும். உதிரிப்பழத்தில்தான் எண்ணெய் அதிகம், ஆனால் பொறுக்க முதுகு வலிக்கும். மட்டைக்கு அடியில் தள்ளி மறைத்துவிட்டுப் போகலாம், மண்டோர் (கங்காணி) ஒவ்வொரு மரத்தையும் சுற்றிப் பார்க்கப்போவதில்லை. உங்கள் மனைவி குனிந்து அந்தப் பழங்களைப் பொறுக்கும்போது அதை யாருக்காகச் செய்கிறாள்? பவுல் கேட்பது இதைத்தான். ரோமர் 12ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள், “இதுவே நீங்கள் செய்யத்தக்க புத்தியுள்ள ஆராதனை” என்கிறார். சரீரம் என்றால் முதுகும் கையும் சேர்ந்துதானே.

என் அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். விடியுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே போவார்கள். அவசரத்தில் உளி ஆழமாகப் போய்விட்டால் பட்டைக்கு உள்ளே இருக்கிற மெல்லிய வளர்படலம் காயப்படும். அன்றைக்குப் பால் குறையாது, யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆனால் சில வருடம் கழித்துப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்திருக்கும். அந்த இடத்தில் மறுபடி வெட்ட வருகிறவர் படாதபாடு படுவார். முகம் தெரியாத அந்த ஆளுக்காகக் கவனமாக வெட்டுவதை அன்பு என்றுதான் நான் சொல்வேன். பிறனிடத்தில் காட்டுகிற அன்பு தேவனுக்குச் செலுத்துகிற ஆராதனையிலிருந்து பிரிந்து நிற்காது.

எங்கள் மேலாளரும் கிறிஸ்தவர்தான். ஓவர்டைம் காசு கேட்டால், “கர்த்தருக்கென்று செய்” என்று அதே வசனத்தைச் சொல்கிறார்.

இந்தக் கேள்வியைப் படித்து எனக்கு மனம் கொதித்தது. அந்த வசனத்தை பவுல் எழுதியது அடிமைகளாக இருந்தவர்களுக்கு. எழுதிவிட்டு அதோடு நிறுத்தவில்லை. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனமே எஜமான்களுக்குத்தான்: உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார், வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குவது வேதத்தைப் பாதியாக வெட்டுவது. ஏழைக்கூலிக்காரனின் கூலியை அன்றைக்கே, பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமம் 24. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் கூக்குரல் கர்த்தருடைய செவிகளில் பட்டது என்று யாக்கோபு 5ஆம் அதிகாரம் சொல்கிறது. யாக்கோபு அங்கே பேசுவது வயலை அறுத்தவர்களின் கூலியைப் பற்றி. நம் தோட்டத்து ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லாத வசனம் அது.

நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை நேரம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது, ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து. உங்கள் நேரத்தை நீங்களே தேதி போட்டு எழுதி வையுங்கள். முதலில் மரியாதையாகக் கேளுங்கள். கேட்டும் நடக்கவில்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. போப் பதின்மூன்றாம் லியோ 1891இல் எழுதிய சுற்றறிக்கையிலேயே தொழிலாளர்கள் சங்கம் சேரலாம், நியாயமான கூலி அவர்கள் உரிமை என்று சொல்லியிருக்கிறார்.

வேலை செய்துகொண்டே ஹெட்ஃபோனில் கீர்த்தனை கேட்டால் அது ஆராதனை ஆகிவிடுமா?

கீர்த்தனை நல்லதுதான். ஆனால் இயந்திரம் ஓடும் இடத்திலும், தலைக்கு மேல் குலை விழும் இடத்திலும் காதை அடைக்காதீர்கள்.

நான் லாரி ஓட்டுகிறேன். “செய்யும் தொழிலே தெய்வம்” என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். நம் ஆட்களும் அதையேதானே சொல்கிறோம்? ஆயுத பூஜைக்கு லாரிக்கு மாலை போடும்போது நான் என்ன செய்வது?

அந்தப் பழமொழி மேல் எனக்கு மரியாதை உண்டு. தொழிலை அலட்சியமாகச் செய்யாதே என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. நம் விசுவாசம் பிரிகிற இடம் ஒன்றுதான்: தொழில் நமக்குத் தெய்வம் அல்ல, தெய்வத்துக்கு நாம் கொடுக்கிற காணிக்கை. இதை மறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வேலை போன அன்றைக்குத் தெய்வமே போன மாதிரி ஆகிவிடும். வேலைக்காகக் குடும்பத்தைப் பலி கொடுக்கிற வீடுகளும் நம் ஊரில் இருக்கின்றன.

பூஜை நாளில் உங்கள் கூட்டாளிகளோடு சேர்ந்து லாரியைக் கழுவுங்கள், பிரேக்கையும் டயரையும் பாருங்கள். வழிபாட்டில் கலந்துகொள்வதில்லை என்பதை முன்கூட்டியே அன்பாகச் சொல்லிவிடுங்கள். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதவாக வாழ்ந்தவர்கள் நாம், ஒருவரையொருவர் புண்படுத்தாமல் இதைச் செய்ய நமக்குத் தெரியும்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மீன் விற்கிறேன். எல்லாரும் நிறையில் கொஞ்சம் கை வைக்கிறார்கள். நான் மட்டும் சரியாக நிறுத்தால் கட்டுப்படியாகாது.

“கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது” என்று நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம் தொடங்குகிறது. அருவருப்பு என்ற அதே கடுமையான சொல்லைத்தான் வேதம் விக்கிரக ஆராதனைக்கும் சொல்கிறது. ரப்பர் பால் நிறுக்கிற இடத்தில் நம் அப்பா அம்மா எத்தனை தரம் வயிறு எரிந்து திரும்பியிருப்பார்கள்! அந்த வலியை வாங்கி வளர்ந்த பிள்ளைகள் நாம், அதையே இன்னொரு ஏழை வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. கட்டுப்படியாகவில்லையென்றால் விலையை ஐம்பது காசு கூட்டிப் பலகையில் எழுதுங்கள். வாங்குகிறவர் பார்த்து முடிவு செய்யட்டும். ஐஸ் தண்ணீரை வடித்துவிட்டு நிறுங்கள். கொஞ்சம் பேர் போவார்கள், நிறையை நம்பி வருகிறவர்கள் நிலைப்பார்கள் என்று நினைக்கிறேன். வராவிட்டாலும் இதில் எனக்கு வேறு பதில் இல்லை.

நம்பர் கடையில் (லாட்டரி எண் விற்கும் கடையில்) கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். இதையும் கர்த்தருக்கென்று செய்யலாமா?

எல்லா வேலையையும் காணிக்கையாக வைக்க முடியாது, சகோதரி. அந்தக் கவுண்டருக்கு வருகிற காசு எந்த வீட்டுப் பால்மாவுக் காசு என்று உங்களுக்கே தெரியும். நாளைக்கே வேலையை விட்டுவிடுங்கள் என்று பிள்ளைகள் உள்ள உங்களிடம் சொல்ல மாட்டேன். வேறு வேலை தேடத் தொடங்குங்கள், சபையும் சேர்ந்து தேட வேண்டும். அதுவரைக்கும் உங்களைக் குறைவாகப் பார்க்கிறவர்கள் என்னிடம் வந்து பேசட்டும்.

வீட்டு வேலைக்குச் சம்பளமும் இல்லை, நன்றியும் இல்லை. சமைப்பதும் கழுவுவதுமாகவே போகிறது, ஜெபிக்க நேரமில்லை.

யோவான் 21ஐ எடுத்து வாசியுங்கள் அம்மா. மரணத்தை ஜெயித்து எழுந்த ஆண்டவர் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, இராமுழுக்க வலை போட்டுக் களைத்தவர்களைப் பசியாறக் கூப்பிடுகிறார். அடுப்புப் பக்கம் நிற்பதைத் தேவகுமாரன் தாழ்வாக நினைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து மடம் ஒன்றின் சமையல்கட்டில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் தேவனோடு பேசிக்கொண்டே இருக்கப் பழகினார். அதற்காகவே இன்றுவரை நினைக்கப்படுகிறார்.

ஆனால் நன்றி இல்லை என்றீர்களே, அதை ஆவிக்குரிய பதில் சொல்லி மூடிவிட எனக்கு மனமில்லை. தட்டைக் கழுவுவது ஆராதனை என்றால், அந்த ஆராதனையில் உங்கள் கணவருக்கும் மகன்களுக்கும் பங்கு உண்டு. இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பாதுகாவலர் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், பல ஞாயிறு ஆலயத்துக்கு வர முடிவதில்லை. வேலையே ஆராதனை என்றால் வராவிட்டால் பரவாயில்லைதானே?

வர முடியாத ஞாயிறு வேறு, வர வேண்டாம் என்று தீர்மானிப்பது வேறு. ஆறு நாள் வேலைசெய் என்று சொன்ன அதே கட்டளைதான் ஏழாம் நாள் ஓய்ந்திரு என்றும் சொல்கிறது. உபாகமம் 5ஆம் அதிகாரம், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்று சேர்த்துச் சொல்லி, எகிப்தில் நீ அடிமையாய் இருந்ததை நினை என்கிறது. அடிமைக்கு ஓய்வு நாள் கிடையாது. வேலைச் சட்டப்படியும் வாரம் ஒரு ஓய்வு நாள் உங்களுக்கு உண்டு. அது ஞாயிறாக இல்லாவிட்டாலும் அந்த நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டாவது வேலைக்கு விற்றுவிடாதீர்கள். வெள்ளி இரவு வீட்டுக்கூட்டத்துக்கு வாருங்கள். திருவிருந்தை உங்கள் ஓய்வு நாளில் வீட்டுக்கே கொண்டுவரும்படி பாஸ்டரைக் கேட்கிறேன்.

தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போக ஆசை. அதுதானே உயர்ந்தது?

அழைப்பு இருந்தால் போங்கள் தம்பி. உயர்ந்தது என்பதற்காகப் போகாதீர்கள். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரம் தைத்தார். ஆசரிப்புக் கூடாரத்தின் கைவேலைக்காகவே பெசலெயேலை தேவ ஆவியினால் நிரப்பினதாக யாத்திராகமம் 31 சொல்கிறது. அவன் பிரசங்கியும் அல்ல, ஆசாரியனும் அல்ல. நம் ஆண்டவரையே ஊரார் “இவன் தச்சன் அல்லவா?” என்றுதான் கேட்டார்கள். இப்போதைக்கு உங்கள் லைனில் வேலை செய்கிற நேப்பாளப் பையன்களுக்கு ஒரு நல்ல கூட்டாளியாக இருந்து பாருங்கள். ஒரு வருடம் கழித்துப் பேசுவோம்.

அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். முப்பது வருடம் தோட்டத்தில் உழைத்தவர். “நான் இனி எதற்கும் உதவாதவன்” என்று அழுகிறார். வேலைதான் ஆராதனை என்றால் அவருக்கு என்ன மிச்சம்?

மகளே, உன் கேள்விக்காக மற்ற எல்லாப் பதில்களையும் திரும்பப் படித்துப் பார்த்தேன். யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது “நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்” என்ற சத்தம் வானத்திலிருந்து வந்தது. அப்போது அவர் இன்னும் பிரசங்கம் பண்ணத் தொடங்கவில்லை, சீஷர்களைச் சேர்க்கவில்லை. பிதாவின் பிரியம் முதலில் வந்தது, ஊழியம் அதற்கப்புறம் வந்தது. உன் அப்பா உழைத்ததால் தேவன் அவரை நேசித்தார் என்றால் இன்றைக்கு அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. அப்படி இல்லை. நேசிக்கப்பட்டவராக இருந்துதான் அவர் உழைத்தார், இப்போதும் அதே நேசத்தில்தான் படுத்திருக்கிறார்.

அவருக்குப் பேச்சு வருகிறதா? வருமென்றால் சபையில் வேலைக்காக ஜெபம் கேட்டிருப்பவர்களின் பெயர்களைத் தருகிறேன், ஒவ்வொன்றாக வாசித்துக்காட்டு, அவர் ஜெபிக்கட்டும். மனமில்லாத நாளில் வற்புறுத்தாதே. செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கியத்திலிருந்து இரண்டு பேர் வந்து அவர் பக்கத்தில் இருப்பார்கள், நீ கொஞ்சம் தூங்கு.

காலையில் வேலை தொடங்குமுன் என்ன ஜெபம் சொல்லலாம்? நேரம் ரொம்பக் குறைவு.

சங்கீதம் 90இன் கடைசி வசனம் போதும்: “எங்கள் கைகளின் கிரியையை எங்களிடத்தில் உறுதிப்படுத்தியருளும்.” வேன் வருவதற்குள் சொல்லிவிடலாம். கூட வேலை செய்கிறவர்களுக்கு, ரூத்தின் புத்தகத்தில் வருகிற போவாஸ் அறுப்பறுக்கிறவர்களைப் பார்த்துச் சொன்ன மாதிரி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லுங்கள். வங்காளதேசத்துத் தம்பிகள் இருந்தால் அவர்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்.