மேடையில் ஏன் வெள்ளைப் படலம்?

கேள்வி: எங்கள் சமையல் மேடை கறுப்பு கிரானைட். பாத்திரம் கழுவும் லிக்விடை நேரே ஊற்றித் தேய்க்கிறேன். காய்ந்ததும் வெள்ளையாகப் படிகிறது. எலுமிச்சை தேய்த்தால் போகுமா?

பதில்: எலுமிச்சை வேண்டாம். அதன் அமிலம் கிரானைட் மேல் பூசிய சீலரை (கறை உள்ளே இறங்காமல் காக்கும் பூச்சு) நாளடைவில் அரித்துவிடும். பளிங்குத் தரையென்றால் கல்லே கரைந்து மங்கும். அந்தத் தழும்பு பாலிஷ் போட்டால்தான் போகும்.

உங்கள் மேடையில் படிவது பெரும்பாலும் சோப்பின் மிச்சம்தான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு ஒரு டீஸ்பூன் லிக்விட் தாராளம். மென்மையான துணியை அதில் நனைத்து, பிழிந்து துடையுங்கள். பிறகு வெறும் நீரில் அலசிய துணியால் இருமுறை. உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். போர்வெல் நீர் தானாகக் காய்ந்தால் அதிலுள்ள உப்பும் வெள்ளையாகப் படியும்.

பாத்திர சோப்புக் கட்டி, கம்பி நார் இரண்டும் கீறும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்பு நீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் இளகிவிடும்.

ஒன்றை மட்டும் மறக்கவே வேண்டாம்: பிளீச்சிங் பவுடரோடு லிக்விடையோ வினிகரையோ கலக்காதீர்கள். அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து.