டிஸ்கஸ் மீன்குஞ்சுகள் கறுத்துப்போய் ஒதுங்கி நின்றால்

தொட்டியில் விட்ட அன்றே குஞ்சுகள் கறுத்து மூலையில் ஒதுங்குகின்றன, தீனியும் எடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இடம் மாறிய பயம்தான். விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடியருகே அடிக்கடி போகாமல் விடுங்கள்.

ஆனால் தண்ணீரை உடனே சோதியுங்கள். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், வெப்பம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ். ஐந்தாறு குஞ்சுகளாவது சேர்ந்திருக்கட்டும், இரண்டு மூன்றே என்றால் பெரியது சின்னதைத் துரத்தித் துரத்தியே பட்டினி போட்டுவிடும்.

அப்புறம் தீனி. மறுநாள் உறையவைத்த ஆர்டீமியாவில் (உப்புநீரில் வளரும் பொடி இறால்) ஒரு சிட்டிகை போடுங்கள். வாயில் வாங்கி, துப்பி, திரும்ப எடுத்தால் எனக்கு நிம்மதி வந்துவிடும். மிச்சத்தைக் குழாயால் உறிஞ்சிவிடுங்கள். சாப்பிடத் தொடங்கியதும் நாளுக்கு நாலைந்து வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், அதனால் தினமும் ஒரு பங்கு தண்ணீரையும் மாற்ற வேண்டும், குளோரின் நீக்கி, அதே சூட்டில்.