வரலாறும் கணினியும் கலந்த ஆய்வுக்குக் கல்லூரி வேலை கிடைக்குமா?

சுற்றுச்சூழல் வரலாற்றையும், வரலாறு, மொழி போன்றவற்றைக் கணினி கொண்டு ஆராயும் எண்ணிம மனிதவியலையும் (டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்) இணைத்து முனைவர் பட்டம் செய்தால் கல்லூரியில் நிரந்தர வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகலை முடித்துவிட்டு, பி.எட். படிக்கச் சொல்லும் வீட்டாருக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். கிடைக்கும் என்று நான் உறுதி கூற இயலாது. எனக்கே இன்னும் கிடைக்கவில்லை. (‘மனிதவியல்’ என்ற சொல் பொருந்தாது என்பவர்கள் நல்ல சொல் தந்தால் மாற்றிக்கொள்கிறேன்.)

நான் வடசென்னையின் எர்ணாவூர்க்காரி. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்குவதற்கு முன், கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் என்னென்ன பிடிபட்டன, உப்பளங்கள் எங்கெங்கே இருந்தன என்பவற்றைப் பழைய அச்சுப் பக்கங்களிலிருந்தும் நில அளவைப் படங்களிலிருந்தும் திரட்டுவதே என் ஆய்வு. பக்கங்களை ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் எழுத்துணரியில் (ஓ.சி.ஆர்.) கொடுத்து, ‘இறால்’ என்று தேடினேன். நண்டு வந்தது, மடவை வந்தது, உப்பு வந்தது. இறால் ஓரிடத்திலும் வரவில்லை. இறால் பிடிப்பு இங்கே பிற்காலத்தில்தான் பெருகியது என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். காட்டுக்குப்பத்தில் இறால் வாங்கித் திருவொற்றியூரில் கூடை வைத்து விற்ற என் ஆயா அதைக் கேட்டுவிட்டு, “எறா இல்லாம இன்னாடி எண்ணூரு?” என்றார்.

மூலப் பக்கத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பெரியார் 1935இலேயே தம் இதழில் எழுத்து வடிவங்களை மாற்றிவிட்டாலும், 1978இல் அரசு ஆணை வரும்வரை பெரும்பாலான அச்சகங்களில் ‘றா’ என்பது தனியாகக் கால் பெறாமல், சுழித்த ஒற்றை எழுத்தாகவே இருந்தது. புதிய வடிவங்களில் மட்டுமே பழகிய எழுத்துணரி அதை வேறு ஏதோ எழுத்தாகப் படித்துவிட்டது. இறாலோடு சுறாவும் போயிருந்தது. அந்த வடிவங்களைப் பக்கம் பக்கமாகக் கையால் திருத்திப் பழக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. மேற்பார்வையாளர் அந்த மாதங்களை ‘தட்டச்சு வேலை’ என்றார். கணினி அறியாதவள் செய்த பிழை என்று இங்கேயும் சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும், பழைய எழுத்தை அறியாத கணினியாளரும் இதே குழியில்தான் விழுவார்.

வேலைக்கு வருகிறேன். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் வரலாறு உண்டு, சுற்றுச்சூழல் அறிவியல் உண்டு, எண்ணிம மனிதவியல் என்று தனித் தாள் இல்லை. ஒரு நேர்காணலில் என் வரைபடங்களைப் புரட்டிய குழுவினர், கணினித் துறைக்கு விண்ணப்பிக்கலாமே என்றார்கள். அங்கே போனால் எம்.சி.ஏ. கேட்பார்கள். கௌரவ விரிவுரையாளராக இருந்த கல்லூரியில் மூன்று மாதச் சம்பளம் நிலுவையில் நின்றது தனிக்கதை.

ஆகவே, பட்டத்தை வரலாற்றுத் துறையிலேயே பதிவு செய்யுங்கள். நெட் தேர்வையும் வரலாற்றிலேயே எழுதுங்கள். வரைபட வேலைக்குக் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எழுத்துணரி தருவதில் நூற்றுக்குப் பத்துப் பக்கங்களையாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தேடத் தொடங்குங்கள்.