கீ லார்கோ காட்டில் கைக்குத்தான் வேலி வேண்டும்

கேள்வி: டிசம்பர் கடைசியில் புளோரிடாவின் கீ லார்கோ தீவுக்குப் போகிறோம். அங்குள்ள டாக்னி ஜான்சன் தாவரவியல் பூங்காவைப் பார்க்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. மகனுக்கு 7 வயது, கண்ணில் பட்ட இலையையெல்லாம் பறிப்பான். கூட்டிப் போகலாமா?

பதில்: அம்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம். பாதைகள் பெரும்பாலும் தளம் போட்டவை, சக்கர நாற்காலியே போகும். ஒரு காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வரவிருந்த இடம் இது. அந்தத் திட்டத்துக்காகக் கட்டிய நுழைவு வளைவு வழியாகத்தான் இன்று காட்டுக்குள் நுழைகிறோம்! தடுக்கப் போராடியவரின் பெயரே பூங்காவுக்கு.

வானுயர்ந்த மரங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பழைய பவளப் பாறைமேல் சருகு மக்கிய மெல்லிய மண், அவ்வளவுதான். அதில் மகோகனி முதலான வன்மரங்கள் குட்டையாக, நெருக்கியடித்து நிற்கும்.

உங்கள் பையன்தான் கவலை. நுழைந்ததும் அவனுக்குப் 'பாய்சன்வுட்' மரத்தைக் காட்டிவிடுங்கள். மா, சேராங்கொட்டைக் குடும்பம். மாம்பால் பட்டால் தோல் வெந்துபோகிறதே, அதைவிட மோசம். ஒரு காம்பில் பெரும்பாலும் ஐந்து பளபளப்பான இலைகள். இலையிலும் பட்டையிலும் கழிவெண்ணெய் தெறித்தது போலக் கறுப்புத் திட்டுகள் தெரியும். பால் காற்றுப் பட்டுக் கறுத்த தடம் அது. தொட்ட உடனே ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் கொப்புளம் கிளம்பும். அதனால் பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மழை வந்தால் அந்த மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

பட்டை உரிந்து செக்கச்செவேலென்று நிற்பது கம்போ லிம்போ. வெயிலில் தோலுரிந்த சுற்றுலாப் பயணி போல இருப்பதால் உள்ளூரில் அதற்கு 'டூரிஸ்ட் மரம்' என்றே கேலிப்பெயர்.

அங்கே கட்டணத்தை நீங்களே பெட்டியில் போட வேண்டியிருக்கும். சில்லறை டாலர் வைத்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்குத் திறந்து, பொழுது சாய்ந்ததும் மூடிவிடுவார்கள். டிசம்பரில் கொசு குறைவு, ஆனால் நிழலில் இருக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள். பொதுப் பாதையைத் தாண்டி உள்காட்டுக்குப் போக, பக்கத்திலுள்ள ஜான் பென்னிகாம்ப் பூங்காவில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

அப்புறம், வழவழப்பான பட்டைகளில் வண்ண வரி போட்ட மர நத்தைகளைப் பையனைத் தேடச் சொல்லுங்கள். வறண்ட மாதங்களில் அவை மரத்தோடு ஒட்டி முத்திரையிட்டுத் தூங்கும். பிய்த்தால் செத்துப்போகும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எண்ணிப் பார்க்கலாம், பறிக்கக் கூடாது.