பழைய வீட்டை கிறிஸ்துமஸ் சுற்றுலாவுக்குத் திறப்பது பற்றி

அலங்கரித்த வீடுகளை ஊரார் உள்ளே வந்து சுற்றிப் பார்க்கும் கிறிஸ்துமஸ் சுற்றுலாவுக்கு உங்கள் வீட்டையும் திறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1870களில் கட்டிய வீடு, பைன் மரத் தரை, ஒரே ஒரு குறுகிய மாடிப்படி, ஒரே மாலையில் நூற்றுக்கணக்கான பேர் வருவார்கள் என்கிறீர்கள். வீடு சேதமாகுமோ என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனாலும் தாராளமாகத் திறந்து காட்டுங்கள், மாடியைத் தவிர.

ஒரே படியில் ஏறுபவர்களும் இறங்குபவர்களும் எதிரெதிரே மாட்டிக்கொண்டால் படியின் கைப்பிடிக்கும் ஆபத்து, ஆட்களுக்கும் ஆபத்து. மாடி அறைகளின் படங்களைக் கீழே வைத்தால் போதும். முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறட்டும். பத்துப் பத்துப் பேராக விடச் சொல்லி ஏற்பாட்டாளர்களிடம் இப்போதே பேசுங்கள். யாராவது விழுந்தால் காப்பீடு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பைன் மென்மரம். கூர்மையான குதிகால் செருப்பு பட்டால் குழி விழும், அப்புறம் அது போகாது. நடக்கும் பாதை முழுக்க வழுக்காத விரிப்பு போடுங்கள். காலுறை மாதிரி மாட்டும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், வழுக்கும்.

அலங்காரத்தில் வண்ண மின்விளக்குச் சரம் வேண்டாமே! கிறிஸ்துமஸ் மரத்தில் முதன்முதலில் மின்விளக்கு எரிந்தது 1882இல், நியூயார்க்கில், எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் வீட்டில். உங்கள் வீட்டின் காலத்தில் மெழுகுவர்த்திதான். அதற்காக நிஜ மெழுகுவர்த்தி ஏற்றிவிடாதீர்கள். பேட்டரியில் எரிபவை போதும். கொட்டைகள், ஆப்பிள், காகிதச் சங்கிலி தொங்கவிட்டால் அந்தக் காலத்துக்கு அழகாகப் பொருந்தும்.

கையடக்கமான பழம்பொருட்களை மட்டும் முதல்நாளே உள்ளே வைத்துப் பூட்டிவிடுங்கள்.