கார்ல ஆம்ப் (ஸ்பீக்கருக்கு சத்தத்தை ஏத்திக் குடுக்குற ஆம்ப்ளிஃபையர்) மாட்டுறது: டெல்டா பக்கத்துலேர்ந்து வந்த கேள்விங்க

கும்பகோணம்: அண்ணே, நாலு சேனல் ஆம்ப் வாங்கிருக்கேன், பெட்டில 2000 வாட்ஸ்னு போட்டுருக்கு. 8 கேஜ் வயர் போதும்னு கடையில சொல்றாங்க, போதுமா?

பதில்: பெட்டி மேல இருக்குற 2000ஐ நம்பாதீங்க தம்பி. ஆம்ப்ல சொருகியிருக்குற ஃப்யூஸை பாருங்க, 30 ஆம்பியர் ரெண்டுன்னா மொத்தம் 60, வண்டி ஓடும்போது சுமாரா 13.8 வோல்ட், பெருக்குனா 828 வாட்ஸ் தான் உள்ளயே போகுது, அப்புறம் வெளிய எங்கேர்ந்து 2000 வரும்? ஆனா அந்த 60 ஆம்பியர் டிக்கி வரைக்கும் பதினஞ்சு அடி போகணும்னா 4 கேஜ் போட்டுடுங்க, கேஜ் நம்பர் கொறைய கொறைய வயர் தடிமன். மதகை எவ்ளோ தொறந்தாலும் வாய்க்கால் குறுகலா இருந்தா கடைமடைக்கு தண்ணி ஏறாதுல்ல, அதே கதை தான். வாங்கும்போது ஒரு இழையை பிளேடால சொரண்டி பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அலுமினியத்து மேல காப்பர் பூச்சு, அது வேணாம், முழு காப்பரா கேட்டு வாங்குங்க.

இன்னொன்னு, இதை கெஞ்சி கேட்டுக்குறேன், பேட்டரிலேர்ந்து ஒன்றரை அடிக்குள்ள மெயின் ஃப்யூஸ் கட்டாயம் போடுங்க. அது ஆம்பை காப்பாத்த இல்ல, வயரை காப்பாத்த. பானட்லேர்ந்து உள்ள வர்ற ஓட்டையில தகரம் உரசி வயர் பாடில பட்டுச்சுன்னா, ஃப்யூஸ் இல்லாத வண்டி தீப்புடிக்கும். அந்த ஓட்டையில ரப்பர் வாஷரும் மாட்டிடுங்க.

திருவாரூர்: ஸ்டார்ட் பண்ணதும் ஸ்பீக்கர்ல ஙொய்ங்னு சத்தம், ஆக்சிலேட்டர் மிதிச்சா அதுவும் ஏறுது.

பதில்: ஆல்டர்னேட்டர் சத்தம் சார் அது. முதல்ல எர்த்தை, அதாவது ஆம்போட நெகடிவ் வயர் வண்டி பாடில சேர்ற இடத்தை பாருங்க, நெறைய வண்டில பெயின்ட் மேலயே போல்ட்டை முறுக்கி வச்சிருப்பாங்க. உப்புத்தாள் போட்டு தகரம் பளிச்னு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, வயர் நுனில மாட்டுற லக் (உலோக வளையம்) வச்சு இறுக்குங்க, வயர் ஒன்றரை அடிக்கு மேல போக வேணாம், சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் தொடாதீங்க. அப்பவும் போகலன்னா ஆம்ப்லேர்ந்து ஆர்சிஏ வயரை, அதாவது முன்னாடி இருக்குற பாட்டு செட்லேர்ந்து ஆம்ப்புக்கு பாட்டை கொண்டு வர்ற வயரை உருவிட்டு கேளுங்க. சத்தம் நின்னா செட்டு பக்கமோ ஆர்சிஏ வர்ற வழியிலயோ கோளாறு, பவர் வயர் ஒரு பக்கமும் ஆர்சிஏ மறு பக்கமுமா ஓட்டுங்க.

பட்டுக்கோட்டை: செட்ல ஆம்பை ஆன் பண்ற ரிமோட் வயர் இல்லண்ணே, அதை பேட்டரிலேர்ந்து நேரா குடுத்துடலாமா?

பதில்: வேணாம், ராத்திரி பூரா ஆம்ப் ஆன்லயே கெடக்கும், காலைல வண்டி தள்ளணும். சாவி திருப்புனா மட்டும் கரன்ட் வர்ற லைன்லேர்ந்து எடுங்க.

நாகப்பட்டினம்: நான் தான் வண்டி ஓட்டுறேன், அரை மணி நேரம் பாட்டு ஓடுனா ஆம்ப்ல சிவப்பு லைட் எரிஞ்சு நின்னுடுது, ஆறுனதும் திரும்ப பாடுது.

பதில்: ஆறுனதும் பாடுதுன்னா சூடு தான்க்கா. கார்பெட்டுக்குள்ள பொதைச்சு வச்சிருந்தா வெளிய எடுத்து, சுத்தி ரெண்டு விரல் இடம் விடுங்க. 2 ஓம் தாங்காத ஆம்ப்ல ரெண்டு 4 ஓம் ஸ்பீக்கரை பேரலலா கோத்திருந்தாலும் (ரெண்டும் சேந்து 2 ஓம் ஆயிடும்) இப்படி சூடாகும், அதையும் பாக்க சொல்லுங்க. உங்க ஊர் கடல் காத்துக்கு லக்கெல்லாம் பச்சை பூக்கும், வருசத்துக்கு ரெண்டு தடவை கழட்டி தேய்ச்சு, இறுக்கினப்புறம் மேல வாசலின் தடவுங்க.

மயிலாடுதுறை: கெய்னை ஃபுல்லா வச்சா நல்லா அடிக்குமா?

பதில்: கெய்ன் வால்யூம் இல்ல தம்பி, செட்லேர்ந்து வர்ற சிக்னலுக்கு ஆம்பை பொருத்துற திருகு அது. ஃபுல்லா வச்சா சத்தம் கிழிஞ்சு ஸ்பீக்கர் காயில் தான் கருகும். ஸ்பீக்கர் வயரை கழட்டிட்டு, பாஸ் எல்லாம் ஜீரோல வச்சு, செட் வால்யூம் முக்கால்ல, 1000 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு ஆம்போட ஸ்பீக்கர் முனைல மல்டிமீட்டரை ஏசில வச்சு, கெய்னை மெல்ல ஏத்தி பாருங்க. ஆம்ப் ஒரு சேனலுக்கு 75 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து குடுக்குற பவர்), ஸ்பீக்கர் 4 ஓம்னா பெருக்கி 300, அதோட வர்க்கமூலம் 17.3 வோல்ட், அங்க நிறுத்திடுங்க.

மன்னார்குடி: ஐப்பசி மழைல வண்டிக்குள்ள தண்ணி ஏறிடுச்சு, ஆம்ப் சீட்டுக்கு அடில இருந்துச்சு. ஆன் பண்ணி பாக்கவா?

பதில்: பண்ணாதீங்க! பேட்டரி நெகடிவ்வை முதல்ல கழட்டுங்க, அப்புறம் மெயின் ஃப்யூஸ். ஆம்பை எடுத்து மூடியை தொறந்தா போர்டுல வண்டல் படிஞ்சிருக்கும், அது காஞ்சாலும் ஷார்ட் அடிக்கும், அதனால ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல பிரஷ் போட்டு கழுவி ரெண்டு மூணு நாள் நல்லா காயவிடணும், பழக்கம் இல்லன்னா மெக்கானிக்கிட்ட குடுத்துடுங்க. திரும்ப மாட்டும்போது பின் சீட்டு முதுகுல பலகை அடிச்சு ஒசரமா மாட்டுங்க, வூஃபர் பெட்டி மேல வேணாம், அதிர்வுல சால்டரிங் விட்டுடும்.