பதில்: 1/72 எஃப்-16, தேய்த்ததும் மங்கிப்போன காக்பிட் மூடி

1/72 அளவு பிளாஸ்டிக் எஃப்-16 போர் விமான மாதிரியில், விமானி இருக்கும் இடத்தை மூடுகிற தெளிந்த பிளாஸ்டிக் மூடியின் நடுக்கோட்டைத் தேய்த்ததும் அது மங்கிவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். மூடியை எறிந்துவிடாதீர்கள், பளபளப்பு திரும்ப வரும். நடுவால் ஓடிய அந்தக் கோடு உங்கள் பிழையில்லை. அடியைவிட வயிறு அகலமாக உப்பிய மூடி ஒற்றை அச்சில் இருந்து கழன்று வராது, அதனால் அச்சைப் பிரித்துச் செய்கிறார்கள், பிரிந்த இடம் கோடாக விழுகிறது. ஆனால் அதை 400 நம்பர் சாண்ட் பேப்பரால் தேய்த்தது முரட்டு வேலைதான்.

இனி 1000 நம்பர் வோட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் சாண்ட் பேப்பர், நம்பர் கூடக் கூட மென்மை), பிறகு 1500, 2000. கிளிநொச்சியில் வாகனப் பெயின்ட் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். முதல் தாளால் நெடுக்காகத் தேய்த்தால் அடுத்ததால் குறுக்காக, அப்போதுதான் பழைய கீறல் மிச்சமிருந்தால் கண்ணில் படும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, உள்பக்கம் விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு மெதுவாக, அழுத்தினால் வெடித்துவிடும். தாள் மாற்றும்போதெல்லாம் கழுவுங்கள், வன்னிப் புழுதியில் ஒரு மணல் துணுக்கு போதும் எல்லாவற்றையும் கெடுக்க. கிணற்றுத் தண்ணீரைக் காயவிடாமல் துடையுங்கள், இல்லாவிட்டால் சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளியாக நிற்கும், அதைக் கீறல் என்று நினைத்துத் திரும்பவும் தேய்ப்பீர்கள்!

2000க்குப் பிறகும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். பழைய பனியன் துணியில் மெல்லிய ரப்பிங் கொம்பவுண்ட் (பெயின்ட்டை மினுக்கும் பசை) தொட்டுத் தேய்த்தால் தெளியும், அது இல்லையென்றால் வெள்ளைப் பற்பசையும் சரி. தின்னர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அப்புறம், மூடியை ஒட்டச் சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி உள்ளே வெள்ளையாகப் படிந்துவிடும். தச்சுவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையே போதும்.